கவுண்டருக்குப் பின்னால் நம் பெட்டி

நம் சங்க உறுப்பினர்களில் விமானம் ஏறாதவர்கள் இன்று குறைவு. ஜவுளிக்காரர் சூரத்துக்குப் போகிறார். எலக்ட்ரானிக் சாமான் விற்பவர் சீனாவின் குவாங்சோவுக்குப் போகிறார். மளிகை மொத்த வியாபாரிகளுக்குச் சிங்கப்பூரும் துபாயும் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டன. போகும்போது சாம்பிள், வரும்போது கொள்முதல் மாதிரி என்று பெட்டியில் எப்போதும் சரக்கு இருக்கும். கவுண்டரில் பெட்டியை எடை போடுகிறார்கள், ஒரு சீட்டை ஒட்டுகிறார்கள். பெட்டி பெல்ட்டில் விழுந்து ஒரு ரப்பர் திரைக்குப் பின்னால் மறைகிறது. அதற்குப் பிறகு அதற்கு என்ன நடக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

நடப்பது ஒரு பெரிய காரியம். ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான பெட்டிகளை, ஒன்றையும் விடாமல், வெடிபொருள் இருக்கிறதா என்று பார்த்து, சரியான விமானத்துக்கு நேரம் தவறாமல் அனுப்ப வேண்டும். இதற்காக உலகெங்கும் செலவிடப்படும் பணம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பணத்தின் ஒரு பகுதி பயணச் சீட்டு விலையோடு சேர்ந்து நம் கையிலிருந்தே போகிறது. ஆகவே இதைத் தெரிந்துகொள்வதில் நமக்கு உரிமையும் உண்டு, லாபமும் உண்டு. இயந்திரத்தின் பெருமையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். இயந்திரம் நின்றுபோனால் பெட்டி எங்கே போகும், இயந்திரம் சந்தேகப்பட்டால் பெட்டி எங்கே போகும் என்பதுதான் இந்தத் துறையில் பெரிய கேள்வி. அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

மூன்று சம்பவங்கள்

நமக்கு மிக அருகில் நடந்ததிலிருந்து தொடங்குவோம். 1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி சென்னை மீனம்பாக்கத்தில் கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்குப் பெட்டிகளைப் பதிவு செய்த ஒருவர் விமானத்தில் ஏறவில்லை. அவருடைய பெட்டிகள் விமானத்தோடு போகாமல் நிலையத்திலேயே வைக்கப்பட்டன. அன்றிரவே அவை வெடித்தன. சுமார் முப்பது பேர் உயிரிழந்தார்கள். பெட்டி விமானத்தில் போகவில்லை. அந்த வகையில் விமானம் தப்பியது. ஆனால் சந்தேகத்துக்குரிய பெட்டியை மனிதர் நடமாட்டம் உள்ள இடத்திலிருந்து விலக்கி வைக்க ஓர் இடமும் அதற்குப் போக ஒரு வழியும் வேண்டும் என்ற பாடத்தை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்க வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு 1985 ஜூன் 23. ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் நடுவானில் வெடித்துச் சிதறி, அதிலிருந்த 329 பேரும் இறந்தார்கள். அந்த வெடிகுண்டு கனடாவின் வான்கூவரில் ஒரு பெட்டியில் வைத்துப் பதிவு செய்யப்பட்டது. பெட்டிக்குரியவருக்கு ஏர் இந்தியா விமானத்தில் இடம் உறுதியாகவில்லை. ஆனாலும் அவர் வற்புறுத்தியதால் பெட்டியை டொரண்டோவில் ஏர் இந்தியாவுக்கு மாற்றிவிடும்படி சீட்டு ஒட்டப்பட்டது. பெட்டி போனது, ஆள் போகவில்லை. டொரண்டோவில் அன்று ஏர் இந்தியாவின் பெட்டிகளைச் சோதிக்க ஓர் எக்ஸ்ரே இயந்திரம் இருந்தது. பாதி வேலையில் அது பழுதாகி நின்றுவிட்டது. மீதிப் பெட்டிகளைக் கையில் பிடித்து முகர்ந்து பார்க்கும் ஒரு சிறு கருவியால் சோதித்தார்கள். அந்தக் கருவி நம்பகமானதல்ல என்பது பின்னர் நடந்த கனடா நாட்டு விசாரணையில் வெளியானது. அதே சதியில் அதே நாளில் வேறொரு பெட்டி ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் விமானம் மாற்றும்போது வெடித்து, பெட்டி தூக்கும் தொழிலாளர் இருவர் மாண்டார்கள். அவர்களை யாரும் அதிகம் நினைவில் வைப்பதில்லை.

மூன்றாவது, 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல் பான் ஆம் விமானம் வெடித்தது. விமானத்தில் இருந்த 259 பேரும் தரையில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். அரைக் கிலோவுக்கும் குறைவான பிளாஸ்டிக் வெடிமருந்து ஒரு ரேடியோ கேசட் பெட்டிக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. சாதாரண எக்ஸ்ரே ஒரு நிழலைத்தான் காட்டும். ரேடியோவின் நிழலுக்குள் வெடிமருந்தின் நிழல் கலந்துவிட்டால் கண் என்ன செய்யும்? துணி மூட்டையை வெளியிலிருந்து தட்டிப் பார்த்து உள்ளே கட்டுக்கு எத்தனை புடவை என்று சொல்லச் சொன்னால் எப்படியோ அப்படித்தான்.

அடர்த்தி பார்க்கும் தராசு

லாக்கர்பிக்குப் பிறகு 1990இல் அமெரிக்காவில் விமானப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்தது. வெடிபொருளைத் தானாகவே கண்டுபிடிக்கும் இயந்திரம் வேண்டும், அதற்கு அரசு தரச் சான்று அளிக்க வேண்டும் என்ற நிலை உருவானது. 1994 டிசம்பரில் முதல் சான்று 'இன்விஷன்' என்ற நிறுவனத்தின் சி.டி.எக்ஸ். 5000 இயந்திரத்துக்குக் கிடைத்தது. பெயரில் உள்ள சி.டி. என்பது ஆஸ்பத்திரியில் தலைக்கு எடுக்கிறார்களே, அதே சி.டி. ஸ்கேன்தான். பெட்டியைச் சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே எடுத்து, ரொட்டியைத் துண்டு போடுவது போலப் பெட்டியைத் துண்டு துண்டாகக் கணினி பார்க்கிறது. ஒவ்வொரு துண்டிலும் உள்ள பொருளின் அடர்த்தி என்ன, எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுகிறது. வெடிபொருள்களின் அடர்த்தி ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் வரும். அந்த எல்லைக்குள் வரும் பொருள் போதிய அளவு இருந்தால் மணி அடிக்கும்.

சங்கடமும் இங்கேதான் பிறக்கிறது. அதே அடர்த்தி எல்லைக்குள் வரும் சாதாரணப் பொருள்கள் ஏராளம். சாக்லேட், பாலாடைக்கட்டி, வேர்க்கடலை வெண்ணெய், பழ கேக் இவற்றுக்கெல்லாம் மணி அடித்த அனுபவம் மேல்நாடுகளில் பழைய கதை. நம் ஊர் அல்வாக் கட்டிக்கும் மைசூர்பாகுக்கும் இந்தக் குடும்பத்தோடு நெருங்கிய உறவு உண்டு என்று எண்ணிக்கொள்ளலாம். ஆகவே இயந்திரம் எவ்வளவு உயர்ந்ததானாலும் பொய் மணி அடிக்கத்தான் செய்யும். பொய் மணியைக் குறைக்க இயந்திரத்தை மந்தமாக்கினால் உண்மை மணியும் போய்விடும். எனவே இந்த அமைப்பை வடிவமைப்பவர் பொய் மணியை ஒழிக்க முயல்வதில்லை. அடிக்கும் மணிகளை வேகமாகவும் மலிவாகவும் தீர்ப்பதற்கு வழி செய்கிறார். எப்போதும் வரும் சில்லறைத் தகராறுகளைத் தீர்க்கக் கடையில் நாம் தனியாக ஒரு ஆளை வைப்பது போல.

முன்கூடத்தில் நின்ற இயந்திரங்கள்

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்கா மிகவும் அவசரப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி கையெழுத்தான சட்டம், 2002 டிசம்பர் 31க்குள் நாட்டின் எல்லா வணிக விமான நிலையங்களிலும் எல்லாச் செக்-இன் பெட்டிகளும் வெடிபொருள் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றது. நானூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள், பதின்மூன்று மாதம். பிறகு சில நிலையங்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டு அவகாசம் தரப்பட்டது.

ஒவ்வொரு இயந்திரமும் ஒரு வேன் அளவு. எடை சில டன். விலை ஏறத்தாழ பத்து லட்சம் டாலர். கட்டடத்தை இடித்து உள்ளே வைக்க நேரமில்லை. ஆகவே பயணிகள் நிற்கும் முன்கூடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். பயணி பெட்டியைக் கவுண்டரில் பதிவு செய்து, மறுபடி இழுத்துக்கொண்டு போய் இயந்திரத்தின் அருகே விட வேண்டும். ஆட்கள் தூக்கி வைக்க வேண்டும், இறக்க வேண்டும். இயந்திரம் கிடைக்காத இடங்களில் பெட்டியைத் துணித்துண்டால் துடைத்து, துகள் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தார்கள். இந்தத் துடைக்கும் முறையில் மணிக்கு 36 பெட்டிதான் முடியும் என்பது அந்நாட்டுக் கணக்குத் தணிக்கை அலுவலகம் தந்த புள்ளி. முன்கூடத்தில் தனியாக நிற்கும் ஸ்கேனர் 120 முதல் 180 வரை. இதே வகை ஸ்கேனரைக் கவுண்டருக்குப் பின்னால் ஓடும் பெல்ட்டோடு இணைத்துவிட்டால் 400க்கு மேல்.

இயந்திரம் ஒன்றுதான், விலையும் ஒன்றுதான். வைக்கும் இடம் மாறினால் வேலை இரண்டு மூன்று மடங்கு ஆகிறது. கடைக்கு இடம் பிடிப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

2005இல் அதே தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையில் உள்ள ஒரு கணக்கை நம் வணிகர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஒன்பது பெரிய விமான நிலையங்களில் பெல்ட்டோடு இணைந்த அமைப்பைக் கட்டினால், பெட்டிச் சோதனைக்கு வேண்டிய ஆட்களும் மேற்பார்வையாளர்களும் 6,645 பேரிலிருந்து 1,477 பேராகக் குறைவார்கள். ஏழு ஆண்டுகளில் அரசுக்கு மிச்சம் சுமார் 130 கோடி டாலர். போட்ட முதல் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் திரும்பிவிடும். ஆனால் ஒன்பதிலும் ஒரே மாதிரி இல்லை. எட்டில் மிச்சம், ஒன்றில் மட்டும் கட்டட வேலைச் செலவு மிக அதிகமாகி, கணக்கு நஷ்டத்தில் முடிந்தது. அவசரத்துக்கு முன்கூடத்தில் வைத்தது தவறு என்று சொல்ல மாட்டேன், கெடு அப்படி. அந்த ஏற்பாட்டையே பல ஆண்டுகள் இழுத்ததுதான் செலவு.

நம் நாட்டிலும் நெடுங்காலம் இதே கதைதான். நிலையத்துக்குள் நுழைந்ததும் பெட்டியை எக்ஸ்ரேயில் போட்டு, பட்டை கட்டி, அதற்குப் பிறகு கவுண்டர் வரிசையில் நிற்போம். தில்லியில் 2010இல் திறந்த மூன்றாம் முனையம் போன்ற புதிய கட்டடங்களில் பெட்டியை நேரே கவுண்டரில் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகலாம். சோதனை ஒழிந்துவிட்டது என்று சிலர் எண்ணுகிறார்கள். ஒழியவில்லை, பின்னால் போயிருக்கிறது.

நாற்பத்தைந்து விநாடி

இனி ரப்பர் திரைக்குப் பின்னால் போவோம். பெல்ட்டில் விழுந்த பெட்டி முதலில் ஸ்கேனருக்குள் போகிறது. கணினி திருப்தியடைந்தால் பெட்டி நேரே விமானம் பிரிக்கும் பகுதிக்குப் போய்விடும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. பெரும்பாலான பெட்டிகளுக்கு இவ்வளவுதான். மணி அடித்தால் மட்டும், பெட்டியின் படம் வேறோர் அறையில் கணினித் திரை முன் உட்கார்ந்திருக்கும் பரிசோதகருக்குப் போகிறது. பெட்டி நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. அது பெல்ட் பிரியும் இடத்தை அடைவதற்குள் பரிசோதகர் 'சரி' என்று சொல்ல வேண்டும். சொன்னால் மற்றப் பெட்டிகளோடு சேர்ந்துவிடும். சொல்லாவிட்டால், அல்லது சொல்ல நேரம் போதாவிட்டால், பெட்டி தானாகவே திறந்து பார்க்கும் அறைக்குத் திரும்பிவிடும். அங்கே ஆட்கள் படத்தைப் பார்த்து, சந்தேகப்பட்ட பொருளை மட்டும் எடுத்துத் துடைத்துப் பார்ப்பார்கள்.

இந்த ஓட்டத்துக்கு அமெரிக்க வடிவமைப்பு வழிகாட்டி 45 விநாடி அளவில் வைக்கச் சொல்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் இந்த வழிகாட்டியைப் பலமுறை திருத்தி வெளியிட்டிருக்கிறது. 45 விநாடி ஏன் முக்கியம் என்பதை ஒரு மாதிரிக் கணக்காகப் பார்க்கலாம். மணிக்கு 720 பெட்டி வருகிறது என்று வையுங்கள். நூற்றுக்கு இருபதில் மணி அடிக்கிறது என்றால் 144 பெட்டி. பரிசோதகருக்குப் போதிய நேரம் கிடைத்து அதில் முக்கால் பங்கைத் தீர்த்துவிட்டால் 36 பெட்டிதான் திறக்கும் அறைக்குப் போகும். ஒரு பெட்டிக்கு மூன்று நிமிடம் என்றால் ஒரு மேசை மணிக்கு 20 பெட்டி பார்க்கும். இரண்டு மேசை போதும். நேரம் போதாமல் 144ம் அறைக்கு வந்தால் எட்டு மேசை வேண்டும், எட்டு ஆள் வேண்டும், மூன்று ஷிப்டுக்கும் வேண்டும். பெல்ட் விநாடிக்கு அரை மீட்டர் ஓடினால் 45 விநாடிக்கு வேண்டியது 23 மீட்டர் பெல்ட். கட்டும்போது 'இந்த வளைவு எதற்கு, குறுக்கே போட்டால் செலவு மிச்சமாகுமே' என்று யாராவது சொல்வார். அந்த 23 மீட்டரில் சிக்கனம் பிடித்தால், ஆறு ஆட்களுக்குக் கட்டடம் நிற்கும் வரை சம்பளம் கொடுக்க வேண்டிவரும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஸ்கேனரிலிருந்து வெளியே வந்த பெட்டி எந்தப் பெட்டி என்று அமைப்புக்கு எப்படித் தெரியும்? பெல்ட் நெடுக ஒளிக்கண்கள் இருக்கும். பெல்ட் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கும் கருவியும் இருக்கும். 'இத்தனை மீட்டர் நகர்ந்தால் இந்த இடத்தில் இந்தப் பெட்டி இருக்க வேண்டும்' என்று கணினி எதிர்பார்க்கிறது. பெட்டி வழுக்கினாலோ, உருண்டாலோ, பின்னால் வந்த பெட்டி இடித்தாலோ கணக்குத் தப்பும். கணக்குத் தப்பிய பெட்டி 'தெரியாத பெட்டி' ஆகிவிடும். ஸ்கேனர் அதற்குச் 'சரி' சொல்லியிருந்தாலும் அந்தச் 'சரி' இனி செல்லாது. அதுவும் திறக்கும் அறைக்கே போகும். ஐயம் வந்தால் தடுத்து நிறுத்து என்பதே சட்டம். ஐயம் வந்தால் விட்டுவிடு என்பது கனிஷ்காவில் நடந்தது.

ஆகவே பெல்ட்டின் சரிவு அதிகமாகக் கூடாது, வளைவு திடீரென்று வரக்கூடாது, ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி இருக்க வேண்டும். நம்மவர்கள் பெட்டிக்கு நைலான் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுகிறார்களே, அந்தக் கயிற்றின் தொங்கும் முனை பெல்ட் இணைப்பில் மாட்டினால் வரிசை முழுவதும் நின்றுவிடும். உருண்டைச் சாக்குப் பையையும் துணி மூட்டையையும் அதனால்தான் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து அனுப்புகிறார்கள்.

திறக்கும் அறையில் ஒரு பெட்டியைத் தீர்க்கவே முடியாவிட்டால் என்ன செய்வது? அதை வெளியே கொண்டுபோக, வெடிகுண்டு நிபுணரின் ரோபோ வண்டி நுழையும் அளவுக்குத் தடையில்லாத வழி இருக்க வேண்டும் என்று வழிகாட்டி சொல்கிறது. மீனம்பாக்கத்தை நினைத்துப் பார்த்தால் இந்த ஒரு வரியின் அருமை புரியும்.

எத்தனை இயந்திரம் வாங்குவது?

இதுதான் நம் வாசகர்களுக்கு மிகவும் பிடிக்கும் பகுதி என்று நினைக்கிறேன். தினமும் இத்தனை பெட்டி என்ற சராசரியை வைத்து இயந்திரம் வாங்க முடியாது. கடையில் வருடச் சராசரியை வைத்துத் தீபாவளிக்கு ஆள் போட முடியுமா? கூட்டம் மிகுந்த மாதத்தில் ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நாளில் நெரிசலான பத்து நிமிடத்தில் வரும் பெட்டிகளை எண்ணுகிறார்கள். அதற்கும் மேலே ஒரு கூடுதல் சேர்க்கிறார்கள். கூடுதல் எவ்வளவு? அந்த எண்ணின் வர்க்கமூலத்தைப் போல இரண்டு மடங்கு.

பத்து நிமிடத்தில் 100 பெட்டி என்றால் வர்க்கமூலம் 10, இரண்டு மடங்கு 20. ஆக 120க்குத் திட்டமிட வேண்டும். நூற்றுக்கு இருபது கூடுதல். ஒரு சிறிய நிலையத்தில் பத்து நிமிடத்தில் 25 பெட்டி என்றால் வர்க்கமூலம் 5, கூடுதல் 10, ஆக 35. இங்கே நூற்றுக்கு நாற்பது கூடுதல்! பெரிய இடத்தில் ஒருவர் முந்தி வந்தால் இன்னொருவர் பிந்தி வருவார், ஏற்ற இறக்கம் தன்னைத்தானே சரிக்கட்டிக்கொள்ளும். சிறிய இடத்தில் ஒரு கல்யாணக் கோஷ்டி சேர்ந்து வந்துவிட்டால் போதும். மொத்த வியாபாரியை விடச் சில்லறைக் கடைக்காரரைத் திடீர்க் கூட்டம் அதிகம் ஆட்டிவைப்பது ஏன் என்பதற்கும் இதே விடைதான்.

மேலே சொன்ன பெரிய நிலையத்தில் பத்து நிமிடத்துக்கு 120 என்றால் மணிக்கு 720. இயந்திரம் ஒன்று மணிக்கு 400 பார்க்கும் என்று கொண்டால் இரண்டு வேண்டும். சிறிய நிலையத்தில் மணிக்கு 210, ஒன்று போதும். இதற்கு மேல் ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி: பெரியதில் மூன்று, சிறியதில் இரண்டு. அந்தக் கூடுதல் ஒன்று இயந்திரம் பழுதாகும் வேளைக்கு. இரண்டுக்கு ஒன்று உபரி என்பதைப் பெரிய நிலையம் தாங்கும். ஒன்றுக்கு ஒன்று உபரி என்பது சிறிய நிலையத்துக்குக் கழுத்தைப் பிடிக்கும். அப்படிப்பட்ட இடங்களில் உபரி இயந்திரத்துக்குப் பதிலாக, இயந்திரம் நிற்கும்போது துடைத்துப் பார்க்கும் கருவியும் அதற்கு வேண்டிய ஆளும் இடமும் முன்கூட்டியே ஏற்பாடாகி இருக்க வேண்டும். எந்த வழியானாலும் சரி, இயந்திரம் நிற்கும் நேரத்துக்கான ஏற்பாடு காகிதத்தில் எழுதி இருக்க வேண்டும். அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது. டொரண்டோவில் 1985இல் இல்லாமல் போனது அந்த இரண்டாவது இயந்திரமும் அந்தக் காகிதமும்தான்.

வியாபாரம் நடக்கும்போதே கடையை மாற்றுவது

புதிய நிலையத்தில் அமைப்பது சுலபம். ஓடிக்கொண்டிருக்கும் நிலையத்தில் பழையதை எடுத்துப் புதியதை வைப்பது கஷ்டம். ஸ்கேனரின் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டு. கட்டடத்தின் ஆயுள் ஐம்பது. எனவே ஒரு கட்டடம் தன் வாழ்நாளில் மூன்று நான்கு தலைமுறை இயந்திரங்களைப் பார்க்கும்.

ஐரோப்பா இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. லாக்கர்பிக்குப் பிறகு பிரிட்டன் முன்னோடியாக எல்லாச் செக்-இன் பெட்டிகளையும் சோதிக்கும் அமைப்பைக் கட்டியது. மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கு 2002 முடிவு கெடுவாக வைக்கப்பட்டது. உலக அளவில் 2006 ஜனவரி 1 முதல் அது கட்டாயமானது. அந்த முதல் தலைமுறையில் பெரும்பாலானவை பல கோணங்களில் படம் எடுக்கும் எக்ஸ்ரே இயந்திரங்கள், வேகமானவை, இலகுவானவை. பிறகு 'மூன்றாம் தரம்' என்ற விதி வந்தது. அதற்குச் சி.டி. இயந்திரம் வேண்டும். சி.டி. இயந்திரம் நீளம், கனம், மின்சாரமும் குளிர்சாதனமும் அதிகம் கேட்கும். பழைய இயந்திரம் இருந்த பள்ளத்தில் புதியது உட்காராது. தரை தாங்குமா, தூண் இடிக்குமா, இயந்திரத்தை உள்ளே கொண்டுவர வாசல் இருக்கிறதா என்ற கேள்விகள் அப்போதுதான் எழுந்தன. இரும்புப் பெட்டகத்தை உள்ளே வைத்துவிட்டு அப்புறம் சுவர் எழுப்பிய கடைகள் நம் ஊரிலும் உண்டு! நல்ல வடிவமைப்பாளர் வரைபடத்திலேயே பழைய இயந்திரம் வெளியேறவும் புதியது நுழையவும் வழி போட்டு வைப்பார்.

மாற்றும்போது உபரி இயந்திரத்தின் இன்னொரு பயன் தெரியும். மூன்று வரிசை இருந்தால் ஒன்றை நிறுத்தி மாற்றலாம், மற்ற இரண்டும் ஓடும். அடுத்த வரிசை, அதற்கடுத்தது. உபரி இல்லாத இடத்தில் தற்காலிகப் பெல்ட் போட்டு, இரவில் விமானம் குறைந்த நான்கு மணி நேரத்தில் வேலை செய்து, விடியுமுன் எல்லாவற்றையும் பழையபடி ஓடவைத்துவிட்டுப் போக வேண்டும். அந்தச் செலவு இயந்திர விலையை மிஞ்சும் சந்தர்ப்பங்களும் உண்டு. மேலே சொன்ன ஒன்பதில் ஒன்று நஷ்டக் கணக்கில் விழுந்ததற்கும் இயந்திர விலை காரணமல்ல, கட்டட வேலையே காரணம்.

பிறகு வெள்ளோட்டம். சீரான, காலிப் பெட்டிகளை அனுப்பிப் பார்த்தால் எந்த அமைப்பும் தேறும். கனமானது, இலேசானது, சக்கரம் வைத்தது, பட்டை தொங்குவது எல்லாவற்றையும் கலந்து, நெரிசல் நேரத்து வேகத்தில் அனுப்பிப் பார்க்க வேண்டும். நடுவே ஒரு வரிசையை வேண்டுமென்றே நிறுத்தியும் பார்க்க வேண்டும். லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் 2008 மார்ச் 27இல் திறந்தபோது இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் தேங்கிப்போய், பல நூறு விமானங்கள் ரத்தாயின. காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, வெள்ளோட்டத்தின்போது செய்திகள் மற்ற முனையங்களின் கணினிக்குப் போய்விடாமல் தடுக்கப் போட்ட ஒரு தடுப்பை, திறப்பு நாளில் எடுக்க மறந்தது. தொழிலாளர்களுக்குப் பயிற்சி போதாததும், அவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் கிடைக்காததும் மற்ற காரணங்கள். கோடிக்கணக்கில் முதல் போட்டுவிட்டு வண்டி நிறுத்துமிடத்தில் கோட்டை விட்டார்கள்.

நாம் பெட்டி கட்டும்போது

இவ்வளவும் தெரிந்தபின் பெட்டி கட்டுவதில் சில விஷயங்கள் தாமே விளங்கும். இனிப்பு, சாக்லேட், மாவுப் பண்டம் போன்றவற்றை ஒரே கட்டியாக நடுவில் அடுக்காமல் பிரித்து வையுங்கள். புத்தகம், காட்லாக், துணி மாதிரி ஆல்பங்களும் அப்படியே. கட்டுக் கட்டாக அடுக்கினால் அடர்த்தியான ஒரே பாளமாகத்தான் இயந்திரத்துக்குத் தெரியும். எலக்ட்ரானிக் சாம்பிள்களின் கம்பிகளைச் சுருட்டி உணவுப் பொட்டலத்தின் மேல் வைப்பது வலிய வரவழைக்கும் வம்பு.

பவர் பேங்கும் தனி லித்தியம் பேட்டரியும் செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. தீப்பிடித்தால் கீழே சரக்கறையில் அணைக்க ஆளில்லை என்பதே காரணம். கையில் எடுத்துப் போவதற்கும் எல்லை உண்டு: 100 வாட் மணி வரை தடையில்லை, 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 20,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்ட சாதாரணப் பவர் பேங்க், 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் மணிதான். ஆனால் கையில் கொண்டுபோகலாம் என்பது சொந்த உபயோகத்துக்கு. விற்பனைக்கு இருபது முப்பது சாம்பிள் என்றால் சரக்குப் பிரிவில் முறைப்படி அனுப்புவதே வழி.

காங்கேயம் பக்கத்து வணிகர்கள் கவனிக்க: கொப்பரை, தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள் என்று சர்வதேச ஆபத்துச் சரக்குப் பட்டியலில் 4.2 என்ற வகுப்பில் இருக்கிறது. முழுக் கொப்பரையைச் செக்-இன் பெட்டியில் வைத்தால் எடுத்து வெளியே வைக்கச் சொல்வார்கள். கோவில் பிரசாதம் என்று சொன்னாலும் விடமாட்டார்கள்.

அமெரிக்காவில் பெட்டியைத் திறக்க உங்களைக் கூப்பிட மாட்டார்கள். திறந்து பார்த்து, பார்த்தோம் என்று அச்சடித்த ஒரு சீட்டை உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். அவர்களிடம் சாவி இல்லாத பூட்டாக இருந்தால் உடைக்க அதிகாரம் உண்டு. நம் நாட்டில் பெட்டிக்காரரை அழைத்து அவர் முன்னிலையில் திறப்பதே வழக்கம். ஆகவே பெட்டியைக் கொடுத்துவிட்டு உடனே நடந்து மறையாமல், பெயர் கூப்பிடுகிறார்களா என்று காது கொடுங்கள்; அறிவிப்பு வந்தும் போகாவிட்டால் விமானம் உங்களோடு பறக்கும், பெட்டி இங்கேயே இருக்கும். கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர் பெட்டியில் மணி அடித்தாலும் அதே கதிதான். மாதிரிச் சரக்கு முக்கியமானால் விமான நேரத்துக்கு முன்னதாகவே பெட்டியைக் கொடுத்துவிடுங்கள். வேறு யாராவது 'அங்கே வந்து வாங்கிக்கொள்வார்கள்' என்று கொடுக்கும் பொட்டலத்தை, அவர் எவ்வளவு பழைய வாடிக்கையாளரானாலும், உள்ளே என்னவென்று பார்க்காமல் உங்கள் பெட்டியில் வைக்காதீர்கள். கவுண்டரில் 'இந்தப் பெட்டியை நீங்களே கட்டினீர்களா?' என்று கேட்கும்போது உங்கள் பதில் உண்மையாக இருக்க வேண்டும்.